ரிட்டர்ன் அக்காவின் ஸ்பானிஷ்

எங்கள் சட்டைக் கம்பெனியின் செக்கிங் பிரிவில் அவளுக்கு வைத்த பெயர் ரிட்டர்ன் அக்கா. அவள் மேஜைக்கு வருகிற சட்டைகளில் பாதி, தைத்த கைக்கே திரும்பிப் போய்விடும். காலரில் ஒரு தையல் விட்டிருந்தாலும், பாக்கெட் துளி கோணியிருந்தாலும் அவள் விரல் அங்கே போய் நின்றுகொள்ளும். எங்களிடம் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கர் சுருள் இருக்கும். தப்பு எங்கே இருக்கிறதோ அங்கே அம்பின் முனை படும்படி ஒட்ட வேண்டும். மற்றவர்களிடம் ஒரு சுருள் நாள்கணக்கில் கிடக்கும். அவளிடம் காலையில் கொடுத்தால் மதியம் இன்னொன்று கேட்பாள். தையல் பிரிவில் அவளைத் திட்டாத வாய் கிடையாது. நானும் மிஷினில் இருந்த காலத்தில் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். அப்புறம் முதுகுவலி வந்து, அவளுக்குப் பக்கத்து மேஜையில் நூல் வெட்ட உட்கார்ந்தேன். அதன் பிறகும் திட்டினேன், நேருக்கு நேராக.

கல்யாணம் ஆகவில்லை. "வந்த மாப்பிள்ளைங்களுக்கும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டால் சிரிப்பாள். உண்மை அதுவல்ல. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பார்த்துக்கொள்ள இவள் ஒருத்திதான். கூடப்பிறந்த அண்ணன் ஒருவர் உண்டு. இளவயதில் கப்பலில் சமையற்கட்டு வேலைக்குப் போனவர், ஸ்பானிஷ் பேசுகிற ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டார். ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுவதாகச் சொல்லியிருந்தார். ஆரம்பத்தில் போன் வரும். பிறகு அதுவும் தேய்ந்துபோனது.

அம்மா சாகக் கிடந்தபோது அக்கா எப்படியோ அவரைப் போனில் பிடித்துவிட்டாள். வருகிறேன் என்றார். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். "அண்ணன் பிளேன் ஏறிட்டான்மா, இதோ வந்துடுவான்" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டு உயிரை வைத்திருந்தாள். கடைசியில் போன் வந்தது. "என்னால வர முடியல" என்றார், வைத்துவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. அம்மா பொய்யை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அண்ணனிடமிருந்து மூச்சு பேச்சு இல்லை. அக்காவும் தேடவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவள் கீழே வைக்கவே இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, கை கழுவும்போது, சம்பந்தமே இல்லாமல் சொல்வாள்: "ஏன் வரலைன்னு ஒரு வார்த்தை. நல்ல காரணமோ கெட்ட காரணமோ, ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்."

இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, அந்த அண்ணனைச் சக்கர நாற்காலியில் வைத்து அனுப்பினார்கள். மூளையில் ரத்தக் கசிவு, வலது பக்கம் விழுந்துவிட்டது, அங்கே பார்க்க யாருமில்லை. விமான நிலையத்தில் போய்க் கூட்டி வந்தவள் மறுநாள் வேலைக்கு வந்து பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். சட்டைகள் ரிட்டர்ன் ஆகாமலே போயின. சூப்பர்வைசரே வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

"அண்ணனுக்குப் பேச்சு வருதுடி. தமிழ்தான் வரல" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அப்படியும் நடக்குமா என்றேன். அபூர்வமாக நடக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அடிபட்ட மூளை இரண்டு மொழியில் ஒன்றை மட்டும் காப்பாற்றி வைத்துக்கொள்ளுமாம். எது என்று நாம் கேட்க முடியாதாம். தங்கை பெயரைக் கூப்பிடத் தெரியவில்லை. தண்ணீர் என்ற சொல் தெரியவில்லை. இவள் தமிழில் பேசினால், வெளியூர் ரயில் நிலையத்தில் அறிவிப்பு கேட்கிற ஆள் மாதிரி முகத்தைச் சுருக்குகிறார். நாள் முழுக்க ஸ்பானிஷில் ஏதோ சொல்கிறார். இந்த ஒரு பதிலுக்காக இத்தனை வருஷம் காத்திருந்தவளிடம் கடவுள் ஆளைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டு, மொழியை மட்டும் அங்கேயே இறக்கிவிட்டிருக்கிறார். இந்தக் கடவுளுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி ரிட்டர்ன் அனுப்பினால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

பழைய புத்தகக் கடையில் அவள் ஒரு புத்தகம் பிடித்தாள். சுற்றுலா வழிகாட்டிகளுக்காகத் தமிழில் எழுதிய எளிய ஸ்பானிஷ் இலக்கணம். அட்டையில் தொப்பி வைத்த ஒருவர் கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருப்பார். "இதைப் படிச்சு முடிச்சு அவர்கிட்ட கேட்டுடுவேன்" என்றாள். போனில் மொழிபெயர்த்துக் கொடுக்கும் வசதி இருக்கிறதே என்று இளைய பெண்கள் சொன்னார்கள். செய்தும் பார்த்தாள். அண்ணனின் குழறல் அந்தப் போனுக்குப் புரியவில்லை. போனிலிருந்து வந்த பெண் குரலைக் கேட்டால் அண்ணன் வாயை மூடிக்கொண்டார். அதனால் புத்தகம்தான்.

அவள் படித்த லட்சணத்தை நான் கூடவே இருந்து பார்த்தேன். சட்டை பார்க்கிற மாதிரியே படித்தாள். ஒரு பாடத்தில் ஒரு குறைகூட இல்லாமல் ஒப்பித்தால்தான் அடுத்த பாடம். தப்பு விட்ட வரிக்கு நேரே கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டி வைத்தாள். அடுத்த முறை சரியாகச் சொன்ன பிறகுதான் பிய்த்து எடுப்பாள். "நடுவுல புரட்டிப் போய் அந்த ஒரு கேள்விய மட்டும் கத்துக்கோங்களேன்க்கா" என்றேன். "கேள்வி கேட்டா போதுமா? பதில் புரிய வேணாமா?" என்றாள்.

முதல் பாடமே எங்கள் மேஜையில் கூத்தாகிவிட்டது. அந்த மொழியில் உயிரில்லாத சாமான்களும் ஆண், பெண் என்று பிரிந்து கிடக்கின்றன. ஆணுக்கு முன்னால் 'எல்' போட வேண்டும், பெண்ணுக்கு முன்னால் 'லா'. அவள் வேலை செய்துகொண்டே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். சட்டை பெண், லா காமிசா. பட்டன் ஆண், எல் போத்தோன். கைப் பகுதி பெண், காலர் ஆண், பாக்கெட் ஆண். ஊசி பெண், நூல் ஆண்.

"அப்ப ஆம்பளைங்க கழுத்துல கட்டுற டை?"

"பொம்பளை. லா கோர்பாதா."

"பொம்பளைங்க போடுற கவுன்?"

"ஆம்பளை. எல் வெஸ்தீதோ."

செக்கிங் பிரிவே விழுந்து விழுந்து சிரித்தது. அயர்ன் போடுகிறவர் அன்றிலிருந்து, எப்போதாவது வருகிற சில்லறை ஆர்டர்களில் டை வந்தால் "வாம்மா" என்றும் கவுன் வந்தால் "வாய்யா" என்றும் சொல்ல ஆரம்பித்தார். 'ஓ'வில் முடிந்தால் பெரும்பாலும் ஆண், 'ஆ'வில் முடிந்தால் பெரும்பாலும் பெண். ஆனால் சட்டத்தை மீறுகிற சில சொற்கள் உண்டு. கை என்பது 'ஓ'வில் முடிந்தாலும் பெண்: லா மானோ. பிரச்சினை என்பது 'ஆ'வில் முடிந்தாலும் ஆண்: எல் ப்ரோப்லேமா. விதிவிலக்குகள் என்றால் அவளுக்கு உயிர். எல்லோரும் ஏமாறுகிற இடம் எது என்று தெரிந்து வைத்திருப்பவள்தானே.

வினைச்சொல் அவளைப் பயமுறுத்தவில்லை. "நம்ம தமிழ் மாதிரிதான்டி. பேசுறேன், பேசுறான், பேசுறோம்னு வாலைப் பார்த்தே ஆள் யாருன்னு தெரியுதுல்ல? அங்கயும் ஆப்லோ, ஆப்லா, ஆப்லாமோஸ். நான், அவன்னு தனியா சொல்லக்கூட வேணாம்." அவளைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தது 'இருக்கிறது' என்பதற்கு இரண்டு சொற்கள் இருப்பதுதான். குணம், ஊர், தொழில் என்று ஒட்டியே இருப்பதற்கு ஒன்று: ஸேர். இப்போது இப்படி இருக்கிறது என்பதற்கு இன்னொன்று: எஸ்தார். நோயாக இருப்பதற்கு எஸ்தார்தான். அதைப் படித்த அன்று அவள் முகம் தெளிந்திருந்தது. "பார்த்தியா, நோய்ங்கிறது அந்த மொழியில வந்துட்டுப் போறதுதான்." இரண்டு நாள் கழித்துப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி ஒரு வரியைக் காட்டினாள். செத்துப்போயிருப்பதற்கும் எஸ்தார்தான் போட வேண்டுமாம். அதற்குப் பிறகு இலக்கணத்திடம் அவள் ஆறுதல் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவள் வீட்டுக்குப் போவேன். இரண்டாவது மாடி, ஒரே அறை, தடுப்புக்கு அந்தப் பக்கம் சமையல். ஜன்னலை ஒட்டி அண்ணனின் கட்டில். ஜன்னலில் எதிர்க் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டியும் அதன் மேல் கொஞ்சம் வானமும் தெரியும். அண்ணன் நல்ல உயரம். பாத்திரம் கழுவிக் கழுவித் தோல் தடித்த கைகள். இடது பக்க உதடு மட்டும் சிரிக்கும். அந்தப் பாதிச் சிரிப்பே பார்க்க நன்றாக இருக்கும். அம்மாவைத் தவிக்கவிட்ட மனுஷன் என்று வெறுக்கத் தயாராகப் போயிருந்தேன். முடியவில்லை.

அவள் அவரிடம் பேசிய முதல் ஸ்பானிஷ் வாக்கியத்தை நான் கேட்டேன். புத்தகம் வழிகாட்டிகளுக்கானது அல்லவா, அதில் எல்லாமே 'நீங்கள்'தான். "நீங்கள் தண்ணீர் விரும்புகிறீர்களா, ஐயா? உங்கள் பெட்டிகள் எங்கே?" என்று சொந்த அண்ணனைக் கேட்டுவிட்டாள். அவர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நல்ல கையால் தன் நெஞ்சைத் தட்டி "தூ, தூ" என்றார். 'நீ' என்று சொல், நீங்கள் எல்லாம் எதற்கு என்று அர்த்தம். 'நீ'க்கான வடிவங்கள் புத்தகத்தின் கடைசியில், குழந்தைகளிடம் பேச என்ற தலைப்பில் ஒரு பக்கம் கிடந்தன. அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு அவள் அண்ணனோடு பேச ஆரம்பித்தாள். அன்று அவள் சிரித்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. நடந்துவிடும் என்று நானும் நம்பினேன்.

அண்ணனின் ஸ்பானிஷ் புத்தகத்து ஸ்பானிஷ் இல்லை. சமையற்கட்டில், கழுவுதொட்டிப் பக்கம் நின்று காதால் பிடித்தது. அதிலும் இப்போது பாதி மூளை. ஆணைப் பெண்ணாக்குவார், பெண்ணை ஆணாக்குவார், வினையின் வால் கழன்று விழும். கையைக் காட்டி "எல் மானோ" என்றார். "லா. லா மானோ" என்றாள் அக்கா. அவரும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி "லா மானோ" என்றார். எனக்குத் தெரியும் என்பதற்கு "யோ ஸாபோ" என்றார். "யோ ஸே" என்றாள். "யோ ஸே" என்றார். முதல் வாரங்களில் அது விளையாட்டு மாதிரிதான் இருந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வருவாள். அவளுக்கு ஸ்பானிஷ் தெரியாது. தெரியாது என்பதை மறைக்கவும் இல்லை. "என்ன மொழியா இருந்தா என்ன, பேசட்டும். தப்பாப் பேசினா திருத்தாதீங்க. அவங்களுக்கு ஒரு வார்த்தைய வெளியே எடுக்கறதே மலையைப் புரட்டற மாதிரி" என்றாள். அக்கா தலையாட்டினாள். அந்தப் பெண் படி இறங்குவதற்குள், ரொட்டிக்கு "எல் பான்" என்று அண்ணனைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே படிக்கட்டில் வைத்துக் கேட்டேன்.

"அக்கா, அவரென்ன பரீட்சையா எழுதறாரு? பேசட்டுமே."

"தெரியும். வேணும்னு செய்யல. வாய் அதுவா போகுது."

"அடக்குங்க."

"இத்தனை வருஷமா இந்தக் கண்ணையும் கையையும் எதுக்குப் பழக்கி வச்சிருக்கேன் சொல்லு. தப்பு கண்ணுல பட்டா கை நிக்கணும்னுதானே. இப்ப நிக்காதேன்னா எப்படி நிக்காம இருக்கும்?"

அவள் சொன்னது பொய் இல்லை. நானும் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் தொங்குகிற நூலைக் கண்டால் கை கத்தரியைத் தேடும். ஆனாலும் அண்ணன் மாறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் அவள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். எங்கள் மேஜைக்குச் சட்டைக் கட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகராமல் நிற்பார்களே புதிதாகச் சேர்ந்த தையல்காரப் பெண்கள், அந்தப் பார்வை. பிறகு சொல்வதைக் குறைத்துக்கொண்டார். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டினார். ஜன்னலைத் திறக்க விரலைக் காட்டினார்.

இறந்தகாலம் புத்தகத்தின் கடைசிக்கு முந்தின பாடம். அதை ஒரு ஸ்டிக்கர்கூட மிச்சமில்லாமல் முடித்துவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்கப் போகிறேன் என்றாள். "நீயும் வா. எனக்குத் தனியா பயமா இருக்கு." கேள்வியைப் பலநாள் சொல்லிப் பார்த்திருந்தாள். சட்டைகளைப் புரட்டிக்கொண்டே முணுமுணுப்பாள்.

மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. அண்ணனுக்கு முகம் துடைத்துவிட்டு, தலையணையை உயர்த்தி உட்காரவைத்தாள். நான் ஸ்டூலில் இருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "குவாந்தோ முரியோ மாத்ரே, போர் கே நோ வினிஸ்தே?" அம்மா செத்தபோது நீ ஏன் வரவில்லை.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. புரிந்தது என்பது எனக்கே தெரிந்தது. கண்ணை மூடினார், திறந்தார். வாயின் நல்ல பாதி வேலை செய்ய ஆரம்பித்தது. "யோ..." என்றார். நிறுத்தினார். அக்கா அவர் கையை இன்னும் இறுக்கினாள். "யோ கெரியா வெனிர்" என்றார். அது என்ன என்று எனக்குத் தெரியாது, ஆனால் அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். வாரக்கணக்கில் இவ்வளவு சேர்ந்தாற்போல் அவர் பேசியதில்லை. நெற்றியில் வேர்த்துவிட்டது. அடுத்ததையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

"பெரோ லா ப்ரோப்லேமா..."

"எல்" என்றாள் அக்கா.

அழுதுகொண்டே சொன்னாள். சொன்னது அவளுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். "எல் ப்ரோப்லேமா."

அண்ணன் அவளைப் பார்த்தார். அவர் வாய் திறந்தபடியே இருந்தது. உதடு "எல்" என்பதற்கு ஒரு முறை குவிந்தது. சத்தம் வரவில்லை. பிறகு வாய் மூடியது. கை அவள் பிடியிலிருந்து நழுவிப் போர்வைமேல் கிடந்தது. "இல்ல, இல்ல, சொல்லு, சொல்லு" என்று அக்கா தமிழில் கதறினாள். ஸ்பானிஷில் கேட்டாள். 'நீ' என்று கேட்டாள், 'நீங்கள்' என்று கேட்டாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். நான்தான் எழுந்துபோய் அவளை இழுத்தேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

படிக்கட்டில் உட்கார்ந்து அவள் எனக்கு அர்த்தம் சொன்னாள். "வரணும்னுதான் இருந்தேன். ஆனா பிரச்சினை என்னன்னா..." அவ்வளவுதான். அங்கேதான் அவள் கையை வைத்திருக்கிறாள்.

அன்றைக்குப் பிறகு அவர் எந்த மொழியிலும் பேசவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே சின்னதாக இன்னொரு கசிவு ஆகியிருக்கலாம், என்றைக்கு ஆனது என்று சொல்ல முடியாது, ஒருவேளை மனசும் காரணமாக இருக்கலாம் என்றார். இனிமேல் பேச்சு வருமா என்று கேட்டதற்கு, எதிர்பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள் என்றார். கசிவுதான் காரணம் என்று நான் அவளிடம் அடித்துச் சொல்கிறேன். எனக்கும் அதில் பாதி நம்பிக்கைதான். அவளுக்கு அதுவும் இல்லை. "கசிவு ஆனவரு அத்தனை தூரம் வந்திருப்பாராடி? நாலு வார்த்தை வந்தாரே" என்கிறாள். என்ன சொல்லித் தேற்றுவது? பயிற்சிக்கு வருகிற பெண்ணும் வருவதைக் குறைத்து, நிறுத்திவிட்டாள்.

கம்பெனியில் அவள் மாறிவிட்டாள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். மாறவில்லை. சட்டைகள் முன்போலவே ரிட்டர்ன் ஆகின்றன, ஸ்டிக்கர் சுருள் முன்போலவே தீர்கிறது. தையல் பிரிவு முன்போலவே திட்டுகிறது. டை வந்தால் அயர்ன் போடுகிறவர் மட்டும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

போன ஞாயிறும் போயிருந்தேன். அண்ணனுக்கு ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். போர்வையின் மேலிருந்த அவர் கையைக் காட்டி "எல் மானோ" என்றாள். எங்கள் மேஜையில் அத்தனை தடவை கேட்டதால் தப்பு எனக்கே தெரிந்தது. தன் சட்டையைத் தொட்டு "எல் காமிசா" என்றாள். பட்டனைத் தொட்டு "லா போத்தோன்" என்றாள். "யோ ஸாபோ, யோ ஸாபோ" என்றாள். ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத் தப்பாகச் சொன்னாள், அவர் எப்படிச் சொல்வாரோ அப்படியே. சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பெரோ லா ப்ரோப்லேமா..." என்று சொல்லி நிறுத்தினாள். காத்திருந்தாள். மறுபடியும் சொன்னாள். "லா ப்ரோப்லேமா..."

அவர் எதிர்க் கட்டிடத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து டம்ளர்களைக் கழுவப் போனேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள்.